மலைநகரில் நூலகம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டியவை

குன்னூரில் ஒரு பொது நூலகத்துக்கு மாணவர்கள் போட்ட வரைபடங்களைப் போன வாரம் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்பது, இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு. வாசல் சிறியது, சாய்தளம் இல்லை என்பதையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

மே மாதத்தில் மட்டும் மனையைப் பார்ப்பது

சீசனில் ஊரே வேறு. நவம்பர் மழையில் ஒரு தடவை போய் நில்லுங்கள். தடுப்புச் சுவரில் மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் வடியத் துளை வைக்க மறப்பவர்களுக்கு 2009 நவம்பரின் மண்சரிவு நினைவில்லை.

பக்கத்து மனை அப்படியே இருக்கும் என்று நம்புவது

இருபது வருடத்துக்கு முன்னால் நான் வரைந்த நூலகத்தின் மனைக்குக் கீழே தேயிலைச் சரிவு. மயங்கிவிட்டேன். வாசிப்பறையில் அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, முன்வாசலும் அங்கேதான். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த பக்கத்தில் கழிப்பறையும் ஒரு பின்கதவும்.

மூன்றாம் வருடம் தேயிலையைப் பிடுங்கிவிட்டு லாட்ஜ் கட்டினார்கள். நீலகிரியில் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, அவர்களும் தாண்டவில்லை. ஆனால் என் தரைமட்டம் அவர்களுடையதைவிட 3 மீட்டர்தான் மேலே. மிச்சம் 4 மீட்டர் சுவர் என் கண்ணாடிக்கு நேர் எதிரே. ஏழில் மூன்று போக நான்கு. வரைந்த அன்றே போட்டிருக்கக்கூடிய கணக்கு! பகல் மூன்று மணிக்கே டியூப்லைட். மழைக்காலத்தில் கண்ணாடி வியர்த்து, ஓரத்து மேஜையில் தினசரிகள் நனையும்.

இதைவிட எரிச்சல், அந்தக் காட்சி இருந்தபோதும் அதை யாரும் தேடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பின்கதவுப் படியில் நின்றே படித்தார்கள். கோத்தகிரி பஸ் வளைவில் திரும்புவது அங்கிருந்துதான் தெரியும். அதை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். மூன்று நாள் மனையில் சுற்றிய நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இப்போது மேல்சாலைக்கு ஒரு வாசல், கீழ்சாலைக்கு ஒரு வாசல், நடுவே கட்டடத்துக்குள்ளேயே படிக்கட்டு என்று வரைகிறேன். ஸ்டாண்ட் இடம் மாறினால் மற்ற வாசல் முன்வாசலாகிவிடும். மண்ணை ஒட்டிய சுவரில் மட்டும் அலமாரி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

ஊட்டி நீலகிரி நூலகத்தைப் பார்த்து வரைவது

அழகுதான். ஆனால் 1859-இல் தொடங்கிய அது சந்தாதாரர்களுக்கானது. பொது நூலகம் என்றால், உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது சாலையிலிருந்து தெரிய வேண்டும்.

எடை

வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும், புத்தக அடுக்கறைத் தளம் 600 தாங்க வேண்டும். இன்றைய வாசிப்பறை நாளைக்கு அடுக்கறையாகலாம். தளம் முழுக்க 600 போடுங்கள்.

தட்டைக் கூரை

வேண்டாம்.