வட்டப் பாவாடையின் ஓரம் ஏன் கோணியது?

மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்றைக் கல்முனையில் மலிவாக வாங்கி, 1950களின் பாணியில் முழுவட்டப் பாவாடை தைத்தேன். இடுப்பு 28 அங்குலம், 6.28ஆல் (2π) வகுத்து, இடுப்பு வளைவைச் சுமார் 4½ அங்குல ஆரையில் வைத்து இரண்டு அரைவட்டமாக வெட்டினேன். ஓரம் மடித்தபோது நேராகத்தான் இருந்தது. மறுநாள் உடுத்தால் நான்கு இடத்தில் நாக்குப் போலத் தொங்குகிறது.

இடுப்புப் பட்டியைக் கழற்றித் திரும்பத் தைத்தேன், மாறவில்லை. தண்ணீர் தெளித்து அயன் பண்ணியும் பார்த்தேன். தையல் தெரிந்த அக்கா ஒருவர் வெட்டிச் சமப்படுத்தித் தந்தார்; அதுவும் மெல்ல இறங்கிவிட்டது.

தொங்கிய இடங்களில் இழையை உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நான்கும் பாவுக்கும் (நீள இழை) ஊடைக்கும் (குறுக்கு இழை) நடுவே 45 பாகையில் விழும் இடங்கள். அந்தத் திசையில் துணி தன் பாரத்திலேயே நீளும். இந்தச் சாறியின் நெசவு தளர்வு, அதனால் இன்னும் கூட.

சரி என்று ஓரத்தை முழுவதும் பிரித்து, இடுப்பில் கிளிப் போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டேன். ஒரு நாளாவது தொங்க வேண்டும். அப்புறம் பாவாடையை உடுத்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி அடிமட்டத்தை நிலத்தில் நிறுத்தி, சுற்றிவரச் சோக்கால் குறித்தாள். இடுப்பிலிருந்து அளந்தால் சரிவராது, நிலத்திலிருந்துதான் அளக்க வேண்டும். குறித்தபடி வெட்டி, கால் அங்குலம் மட்டும் மடித்துத் தைத்தேன். அகலமாக மடித்தால் வளைவில் சுருக்கம் விழும். இரண்டு தரம் கழுவியும் ஓரம் அசையவில்லை, பெரிய நிம்மதி.