ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு போன் வரத் தொடங்கும். "டீச்சர், பையன் பாஸ் பண்ணிட்டான். இனி இவனை என்ன செய்யிறது?" காரைக்குடிப் பக்கம் சிறப்பாசிரியராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதில் நாம் செய்கிற முதல் தவறு, இந்தக் கேள்வியை நாலு வருடம் தாமதமாகக் கேட்பது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில் புதிதாகப் போன பையனை யாரும் நேராகக் கணக்கு எழுத விடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, அப்புறம்தான் அடுத்தாள், அதாவது கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பெட்டியடிக் காலம் கிடைப்பதே இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தெரிந்த ஜெராக்ஸ் கடையிலோ நர்சரியிலோ நின்று பார்க்கட்டும். சம்பாதிக்க அல்ல, பழக. நேரத்துக்குப் போவது, "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பது, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது, இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பஸ்ஸும் அப்படித்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் பலர் தனியாக ஒரு நாள்கூட பஸ் ஏறியதில்லை; அப்பா வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பார். வேலை கிடைத்த பிறகு அவர் தினமும் இரண்டு நடை வர முடியாமல் போகும்போது வேலையும் போய்விடும்.

அடுத்த தவறு, பிள்ளையைத் தவிர எல்லோரிடமும் கேட்பது. காது கேளாத ஒரு பெண், பதினேழு வயது. "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று சைகையில் கேட்டேன். அவள் கையைத் தூக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்: "அதெல்லாம் அவுக அப்பா பார்த்துக்கிருவாக டீச்சர். தையல்தான் சரி." ஒரு தாளை நீட்டினேன். அவள் எழுதியது ஒரே சொல்: சமையல். வீட்டில் முறுக்குப் பிழிவது இத்தனை நாளும் அவள்தானாம்.

காது கேளாதா, தையல். கால் முடியாதா, கம்ப்யூட்டர். மனவளர்ச்சி குறைவா, மெழுகுவர்த்தி. குறையைப் பார்த்து வேலையை ஒதுக்குகிற இந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையனை ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், செய்யும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். சிமெண்டைக் கண்ணாடி மேல்தான் வார்ப்பார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஆகவே கண்ணாடி துடைப்பது அங்கே முக்கியமான வேலை. முதல் நாள் "எல்லாத்தையும் நல்லாத் துடை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பையன் ஒரே கண்ணாடியை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டு நின்றான். "சரிவராது டீச்சர்" என்றார் உரிமையாளர். மறுநாள் சுவரில் நாலு போட்டோ ஒட்டினோம்: எடு, துடை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார், இந்தப் பக்கம் அடுக்கு. அவன் கையில் அகப்படுகிற கண்ணாடியில் இப்போது ஒரு ரேகை பார்க்க முடியாது. வேலையில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதும் தவறு என்று இதற்காகத்தான் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், வேலையும் உண்டு. ஆனால் திண்ணை உயரம் தெரியும்தானே. மூன்று படிகளின் மீது ஒரு பலகையைச் சாய்த்துவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடி. வேலைக்குப் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்கக் கூச்சமாகிவிடும்.

அரசு வேலைதான் வேண்டும் என்று வருடக்கணக்கில் வீட்டில் உட்காரவைப்பவர்களும் இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இடஒதுக்கீடு 4 சதவீதம். அதுவும் பார்வை, செவி, கை கால் இயக்கம் என்று தலா ஒன்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. பதிந்து வையுங்கள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், அதற்கிடையில் வேறு வேலைக்கும் போகட்டும்.

காகிதத்தில்தான் கண்ணீர் வரும். மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொன்று, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் பெயரே வேறு எழுத்தில். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒதுக்கீடு இல்லை. தற்காலிகச் சான்று என்றால் காலாவதித் தேதி இருக்கும், அது சரியாக இன்டர்வியூ மாதத்தில் வந்து நிற்கும். கற்றல் குறைபாட்டுக்கும் சான்று உண்டு என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது, 2016இல் 21 ஆயிற்று. பத்தாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டால் மாவட்டத் தலைநகர் சிவகங்கைக்கு வீண் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று, சொந்தக்காரர் கடை. "நம்ம கடையிலேயே இருக்கட்டும்" என்று உட்காரவைப்பார்கள். சாப்பாடு உண்டு, தீபாவளிக்குத் துணி உண்டு, சம்பளம் மட்டும் இருக்காது. இதை வேலை என்று நான் எண்ணுவதில்லை.

அந்தக் கண்ணாடிப் பையனுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. போன வாரம் எவ்வளவு என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியும்" என்றான். வங்கிக் கணக்கு அவன் பெயரில்தான், ஏடிஎம் கார்டு அப்பா சட்டைப் பையில். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.