மலைநாட்டில் நெடுந்தூர ஓட்டம்: வாசிப்பையும் உணவையும் பயிற்சியையும் ஒன்றாகத் தொடங்குவது எப்படி?

நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, சமதரையில் ஓடுகிறவர்களையும் நம்முடையதல்லாத உணவை உண்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து அதைப் படிக்கும் ஒருவர், அதில் சொல்லப்படும் முறையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் முழங்கால் வலியோடு ஓட்டத்தைக் கைவிட நேரும். முறையை எப்படிப் பிரித்தெடுப்பது, அளவை நம் பாதைக்கும் தட்டுக்கும் ஏற்ப எப்படி அமைப்பது என்பதையே படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

முதலாம் படி: தொடங்குமுன்

நாற்பது வயதைக் கடந்து நெடுங்காலமாக உடற்பயிற்சி இல்லாதிருப்பவர்களும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும், ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்ந்தவர்களும் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். மாதாந்தம் கிளினிக் செல்பவர்கள் அந்த நாளிலேயே இதைக் கேட்டுவிடலாம். விலையுயர்ந்த சப்பாத்து தேவையில்லை. ஈரமான சரளையில் வழுக்காத அடிப்பகுதியும், இறக்கத்தில் பெருவிரல் முட்டாதபடி முன்னே சிறிது இடமும் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: எப்படிப் படிப்பது

ஓடத் தொடங்கும் அதே கிழமையில் படிக்கவும் தொடங்குங்கள். எதைப் படித்தாலும், அதில் ஓடுபவர் யார், அவர் எத்தனை ஆண்டுகளாக ஓடுகிறார், அவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்ற கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பயிற்றுவித்த பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் போட்டிக்காகவும், கிழமைக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் ஓடி அடித்தளம் அமைக்கும் முறையை லிடியார்ட் கையாண்டார். மலைப்பாங்கான வழியில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் நீளும் ஓட்டமும் அதில் அடங்கும். இங்கே 160 என்ற எண் நமக்குரியதன்று. மூச்சு வாங்காத வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவதே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதுதான் நமக்குரியது. உலகத் தரத்திலான தாங்குதிறன் வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலரும், அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்திலேயே அமைகிறது என்று கண்டார்.

இதன் காரணம் உடலுக்குள் இருக்கிறது. மெதுவான ஓட்டத்தில், தசைகளுக்குச் சக்தியை உருவாக்கித் தரும் இழைமணிகள் பெருகுகின்றன. தசைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் கூடுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. இவை சில கிழமைகளிலேயே தொடங்கிவிடும். ஆனால் எலும்பும் தசைநாணும் உறுதிபெறப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு தயாராகிவிட்டது என்று நம்பி வேகத்தைக் கூட்டும் தொடக்கநிலையாளரின் கால் அப்போது இன்னும் தயாராகியிருக்காது.

மூன்றாம் படி: பாதை

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒக்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கொழும்பில் ஓடும் நண்பரின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. கடிகாரத்தை விட்டு மூச்சைக் கவனியுங்கள்: ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி.

தொடக்கத்துக்கு ஏற்றது, தேயிலை மலையைச் சரிவாக வெட்டி ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றி ஏறத்தாழ ஒரே மட்டத்தில் செல்லும் தோட்டப் பாதை. நுவரெலியாவில் இருப்பவர்களுக்குக் கிறகரி வாவியோரம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே புறப்படுங்கள். தோட்டங்களை ஒட்டிய காடுகளில் சிறுத்தைகள் நடமாடும் பகுதிகள் இருக்கின்றன. குளவிக் கூடு இருப்பதாகத் தெரிந்த மரத்தருகே செல்லாமல், கொழுந்து எடுப்பவர்களிடம் விசாரித்துப் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். பிரதான வீதியில் ஓட நேர்ந்தால் வாகனங்கள் எதிரே தெரியும்படி வலப்பக்கமாக ஓட வேண்டும். தண்டவாளம் சமமாக இருக்கிறதென்று அதில் ஓடுவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன்.

நான்காம் படி: முதல் பன்னிரண்டு கிழமைகள்

கிழமைக்கு மூன்று நாட்கள், ஒன்றுவிட்டொரு நாளாக, ஒவ்வொரு முறையும் அரை மணிநேரம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடம் நடந்தபின், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இறுதி ஐந்து நிமிடமும் நடையே. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். களைப்பாக இருந்தால் அதே அளவிலேயே நில்லுங்கள். பன்னிரண்டாம் கிழமையளவில் ஒரே மூச்சில் ஆறு நிமிடம் ஓட முடிந்தால் அது நல்ல முன்னேற்றம். அதைவிடக் குறைவாக ஓடி, கூடுதலாக நடப்பவர்களும் எதையும் இழந்துவிடவில்லை. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. விறுவிறுப்பான நடையும் அந்தக் கணக்கில் சேரும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடங்கள். இறக்கத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குவதால், அதன் நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கவே முடியாத வலி வரும். அடியைச் சுருக்கி, பாதத்தை உடலுக்கு நேர்கீழே வைத்து, பின்னே சாயாமல் இறங்குங்கள். சிறிய இறக்கங்களில் பழகிய தசை அடுத்தமுறை அவ்வளவு நோவதில்லை; ஆகவே இறக்கத்தையும் சிறுகச் சிறுகப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

நாள் முழுவதும் கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களுடைய வேலையே பெரும் பயிற்சி. அவர்களுக்குத் தேவை ஓய்வும் புரதமும் இரும்புச்சத்துமே. விருப்பமிருந்தால் விடுமுறை நாளில் ஒருமுறை மெதுவாக ஓடலாம்.

கிழமைக்கு இரண்டு நாள் கால்வலுப் பயிற்சியும் தேவை. வாசற்படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும், நாற்காலியில் கைகளை ஊன்றாமல் அமர்ந்தெழுவதும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

ஐந்தாம் படி: உணவு

கென்யாவின் முன்னணி ஓட்டவீரர்களின் உணவைப் பற்றி 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்கள் பெறும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாச்சத்திலிருந்து வருவதாகவும், தேநீரில் கலக்கும் சீனியும் அதில் கணிசமாக இருப்பதாகவும் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு நாமும் தேநீரில் சீனியைக் கூட்டலாம் என்று எண்ணுவது ஆபத்தானது. அவர்கள் நாளுக்கு இருமுறை நெடுந்தூரம் ஓடி அதை எரிக்கிறார்கள். கிழமைக்கு ஒன்றரை மணிநேரம் ஓடும் ஒருவருக்குக் கூடுதல் சோறோ சீனியோ தேவையில்லை. ஒரு மணிநேரத்துக்குட்பட்ட ஓட்டத்துக்குத் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜனே போதும்.

நம் வீடுகளில் காலை உணவு பல நாட்களில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாக முடிந்துவிடுகிறது. ரொட்டியை விலக்க வேண்டியதில்லை. அளவை ஒன்று குறைத்து, அதோடு பருப்போ அவித்த கடலையோ முட்டையோ சேர்த்தால் தசை சீராகத் தேவையான புரதம் கிடைக்கும். குரக்கன் மா கலந்து சுட்டால் நார்ச்சத்தும் கூடும். மதியம் பாதித் தட்டு மரக்கறியாக இருக்கட்டும். போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ் எல்லாம் நம் தோட்டத்தருகே விளைபவைதானே. கருவாடும் நெத்தலியும் நல்ல புரதம் தருபவை என்றாலும், நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்ற வரம்பை நினைவில் வைத்து, நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

தேயிலை விளையும் ஊரில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பருப்பு, கீரை போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் என்னும் வேதிப்பொருட்கள் உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மாற்றி, ஒரு மணிநேர இடைவெளி விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தாலோ சாப்பாட்டோடு கொய்யாப்பழம் உண்டாலோ அதிலுள்ள விற்றமின் சி உறிஞ்சலைக் கூட்டும். பயிற்சி கூடாதபோதும் களைப்புக் கூடினால், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைத் தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும். 2002 பொஸ்டன் மரதனில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் அருந்தியது அதன் முக்கிய காரணம்.

ஆறாம் படி: குறிப்பேடு

ஒரு கொப்பியில் ஓடிய நிமிடங்கள், காலையில் எழுந்தவுடன் எண்ணிய நாடித்துடிப்பு, தூக்கம், அந்தக் கிழமை படித்ததில் செய்து பார்க்க நினைக்கும் ஒரே ஒரு மாற்றம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது. நாடித்துடிப்பு வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அன்று நடையோடு நிறுத்துங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தும்போது வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ இரண்டு கிழமை ஓய்வெடுத்து, குறையாவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

நாற்பது நிமிடம் இலகுவாக ஓட முடிந்தபின், ஹப்புத்தளைப் பக்கம் இருப்பவர்கள் தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் ஆசனம் என்னும் மலைக் காட்சிமுனைக்கு ஏறும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் பாதையை முயலலாம். முதல்முறை முழுவதும் நடந்து ஏறி, திரும்பும்போது மேற்பகுதியை நடந்தே கடந்து, கடைசி இரண்டு கிலோமீற்றரை மட்டும் மெதுவாக ஓடி இறங்குங்கள். அடுத்த இரண்டு நாட்களும் ஓட்டம் வேண்டாம்.