ஹோவர் கேலரி: மவுஸ் வைத்ததும் பெரிய படம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னப் படத்தின் மேல் மவுஸை வைத்தால் பெரிய படம் விரிய வேண்டும். விரிப்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் உள்ள ஹோவர் (மவுஸ் மேலே நிற்கும் நிலை) போதும். பத்து வரியில் முடிகிற வேலைதான். ஆனால் எழுதியவரின் கணினியில் நன்றாக ஓடிவிட்டு, பார்ப்பவரிடம் போய்ச் சொதப்புவதும் இதில் அதிகம்.

பலரைப் பாடாய்ப் படுத்துவது மினுக்கல். பெரிய படம் வரும், மவுஸை லேசாக அசைத்தால் மறையும், மறுபடி வரும். பெரிய படத்தைத் தனி உறுப்பாக வெளியே வைத்து, சின்னப் படத்தின் மேலேயே விரிய விட்டிருப்பார்கள். விரிந்ததும் மவுஸ் பெரிய படத்தின் மேல் நிற்கிறது. சின்னதன் ஹோவர் போய்விடுகிறது, அதனால் பெரியது மறைகிறது, மவுஸ் மீண்டும் சின்னதன் மேல்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், பெரிய படம் மவுஸைக் கண்டுகொள்ளாதபடி அதற்கு 'பாயிண்டர்-ஈவெண்ட்ஸ்: நன்' போடுவது. மினுக்கல் நின்றுவிடும். ஆனால் திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர் விரிந்த படத்தின் மறுமூலையைப் பார்க்க மவுஸை நகர்த்தினால் படமே காணாமல் போகும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டியின் 1.4.13 விதி இதைத்தான் கூடாது என்கிறது. சரி, வேறு வழி? இரண்டு படங்களையும் ஒரே லிங்குக்குள் வைத்து, ஹோவரை லிங்குக்கு எழுதுங்கள். உள்ளே எந்தப் படத்தின் மேல் மவுஸ் இருந்தாலும் லிங்கின் ஹோவர் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மட்டும் விடாதீர்கள், தாண்டும்போது அறுந்துவிடும். விரியும் படம் பக்கத்தின் மற்ற பகுதிகளை மறைக்கும் என்றால், மவுஸை நகர்த்தாமலே எஸ்கேப் போன்ற ஒரு விசையால் மூட வழி வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. அதற்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆக வேண்டும்.

செலக்டரில், அதாவது விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதியில், ஒரு ஸ்பேஸ் செய்யும் வேலையைப் பாருங்கள். கிளாஸ் பெயரை ஒட்டியே கோலனும் ஹோவரும் வந்தால் 'இந்தப் பெட்டியின் மேல் மவுஸ்' என்று பொருள். நடுவில் ஸ்பேஸ் விழுந்தால் 'பெட்டிக்கு உள்ளே ஏதோ ஒன்றின் மேல் மவுஸ்' என்றாகிவிடும். பிரவுசர் பிழை எதுவும் காட்டாது. பெட்டியின் உள் ஓரத்து வெற்றிடமான பேடிங்கில் மட்டும் ஹோவர் வேலை செய்யாமல் இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்வோம். இன்னொன்று: செலக்டரில் போடும் பிளஸ், டில்டே குறிகள் பின்னால் வரும் உறுப்பைத்தான் பிடிக்கும். பெரிய படம் எச்டிஎம்எல்-இல் சின்னப் படத்துக்கு முன்னால் இருந்தால் அவை உதவாது. 2023 முடிவதற்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்ட 'ஹேஸ்' என்ற செலக்டர் உதவும், ஆனாலும் வரிசையை மாற்றி எழுதுவதே எனக்குச் சுலபமாகப் படுகிறது.

மெதுவாகத் தோன்றட்டும் என்று ஒப்பாசிட்டியைப் பூஜ்யமாக்கி (முழுக்க ஊடுருவித் தெரியும்படி செய்து) பெரிய படத்தை மறைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படம் அங்கேயேதான் இருக்கிறது. வெற்றிடத்தில் மவுஸ் போனாலும் படம் திடீரென்று முளைக்கும். கூடவே விசிபிலிட்டியையும் ஹிடன் ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் எடை. இமேஜ் டேக்கில் உள்ள படத்தை 'டிஸ்ப்ளே: நன்' கொண்டு மறைத்தால் அது இறங்காது என்று நம்பாதீர்கள். கேலரியில் நாற்பது படம் இருந்தால், பக்கம் திறந்தவுடன் நாற்பது பெரிய படங்களும் இறங்கத் தொடங்கும். ஹோவர் விதிக்குள் பேக்கிரவுண்டு படமாக வைத்தால் நிலைமை தலைகீழ்: மவுஸ் வைத்த பிறகுதான் இறங்கும், அதுவரை வெறும் கட்டம். சின்னப் படத்தையே 'ஸ்கேல்' போட்டு இழுப்பது சிக்கனம்தான். ஆனால் 150 பிக்சல் படத்தை 600-க்கு இழுத்தால் மங்கலாகத்தான் தெரியும். அகலத்தையே மாற்றினால் பக்கத்துப் படங்கள் எல்லாம் நகர்ந்து ஆடும்.

இத்தனையும் சரிசெய்தாலும் தொடுதிரையில் ஹோவர் என்பதே கிடையாது. சில போன்களில் ஒருமுறை தொட்டால் ஹோவர் ஒட்டிக்கொண்டு, வேறெங்காவது தொடும்வரை போகாது. விரிக்கும் விதியை, ஹோவர் செய்யக்கூடிய கருவியா என்று பார்க்கும் 'ஹோவர்: ஹோவர்' மீடியா குவெரிக்குள் வையுங்கள். அதைவிட முக்கியம், லிங்க் போக வேண்டிய இடத்தைச் சொல்லும் எச்ரெஃப்பில் பெரிய படத்தின் முகவரியையே கொடுப்பது. இன்னமும் பல கேலரிகளில் அங்கே வெறும் ஹேஷ் குறிதான் இருக்கிறது, தொட்டால் பக்கம் உச்சிக்குத் தாவும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 லிங்குகளுக்கு மட்டுமே ஹோவரை ஏற்ற காலத்தில், ஹோவருக்காகவே ஒப்புக்கு லிங்க் போட்ட பழக்கத்தின் மிச்சம் அது.

கீபோர்டில் வருபவருக்கு, டேப் விசை வந்து நிற்கும் லிங்கைப் பிடிக்கும் 'ஃபோகஸ்-விசிபிள்' என்பதையும் ஹோவரோடு சேர்த்து எழுதுங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையால் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒருமுறை போய்ப் பார்த்தால், எது விரியவில்லை, எது திரைக்கு வெளியே விரிகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.