பெடலை விட்டும் விடாத பிரேக்

இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் பல வருடம் ஓடாமல் கிடந்த 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. அதனாலேயே நான் கூடுதல் கவனமாக இருந்தேன்.

எஞ்சின் சீக்கிரம் உயிர்பெற்றது. பிரேக்தான் படுத்தியது. பெடலை விட்ட பிறகும் முன் சக்கரம் ஒன்று சுற்றவில்லை. காலிப்பர் (பிரேக் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பாகம்) இறுகிவிட்டது என்றே நினைத்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிரேக் எண்ணெய் பீறிட்டது, சக்கரம் சுழன்றது! அப்படியென்றால் கோளாறு அந்த எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸில். உள்ளே ஊதிப்போய், போன எண்ணெயைத் திரும்ப விடவில்லை. வெளியே ஒரு விரிசல்கூட இல்லை.

சரி என்று எல்லா ஹோஸையும் மாற்றி, புது டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுத்தேன். அப்புறம்தான் சாலைக்கு இறக்கினேன்.