டிப்ஸ்: கொடுத்தும் போய்ச் சேராத காசு

பில்லில் ஜிஎஸ்டியைப் பார்த்ததும் "அதான் பிடிச்சுட்டாங்களே" என்று டிப்ஸ் வைக்காமல் எழுந்து போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 640 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5% வரி 32 ரூபாய். மத்திய அரசுக்கு 16, மாநில அரசுக்கு 16. சப்ளையருக்கு அதில் காலணா கிடையாது.

'சர்வீஸ் சார்ஜ்' வேறு. 10% என்றால் 64 ரூபாய். அதன்மேலும் ஜிஎஸ்டி ஏறுவதால், 672-இல் முடிய வேண்டிய பில் 739-ஐத் தாண்டும். இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். ஆனால் மேனேஜரிடம் பேசுங்கள், பில்லை நீட்டியவரிடம் எகிறாதீர்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டிவிட்டாலும் அது சப்ளையர் கைக்குப் போனதாக நினைத்துவிட வேண்டாம்.

கல்லாவில் இருக்கும் க்யூஆரில் 672-க்குப் பதில் 700 அனுப்பிவிட்டு "மிச்சம் அந்தத் தம்பிக்கு" என்பார்கள். அந்த 28 ரூபாய் முதலாளியின் கணக்கில் கலந்துவிடும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பில்லுக்கு ஜிபே, டிப்ஸுக்கு நோட்டு. பையில் நாலைந்து பத்து ரூபாய்த் தாள் கிடந்தால் போதும்.

அடுத்தது, யாருக்கு என்பது. சோம்புத் தட்டில் வைப்பது பெரும்பாலும் சப்ளையருக்குப் போகும். இலை எடுத்து மேசை துடைப்பவருக்கும், கல்லுக்கு முன்னால் வெந்து நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கும் பங்கு உண்டா என்பது கடைக்குக் கடை மாறும். பொது டப்பா இருந்தால் அதில் போடுங்கள்; இல்லையென்றால் மேசை துடைப்பவர் கையில் தனியாகப் பத்து ரூபாய் கொடுங்கள். மெஸ்ஸில் ஆளுக்குப் பத்து, ஏசி ஓட்டலில் பில்லில் 5 முதல் 10% வரை என்பது எங்கள் கணக்கு. இது சட்டமல்ல, மனசுதான். காசை விட்டெறிவதும், முதலிலேயே நோட்டைக் காட்டி "நல்லாக் கவனி" என்பதும் கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

டெலிவரியில் கதையே வேறு. பிளாட்ஃபார்ம் கட்டணம் கம்பெனிக்கு. டெலிவரி கட்டணமும் அப்படியே வண்டி ஓட்டுபவருக்குப் போவதில்லை. செயலியில் டிப்ஸ் என்று தனியாக இருப்பதைத் தொட்டால்தான் உண்டு, அல்லது கையில் கொடுக்க வேண்டும். கூப்பன் போட்டு 400 ரூபாய் பிரியாணியை 240-க்கு வாங்கியதால் அவர் ஓட்டிய தூரம் குறையாது; சதவீதம் பார்க்காமல் 20, 30 என்று கொடுங்கள். மழை, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, நள்ளிரவு என்றால் 50.

லேட்டானதற்கு அவரைத் தண்டிப்பதும் தவறு. ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று செயலியே காட்டும். 'தயாராகிறது' என்பதிலேயே அரை மணி நின்றிருந்தால் தாமதம் அடுப்படியில். குழம்பு கொட்டியிருந்தால் பார்சல் கட்டியவரைக் கேட்க வேண்டும். கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் இருபது ரூபாயைவிட அது அவருக்குப் பெரிய நஷ்டம்.

மதுரையில் சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளுக்குள் வண்டி நுழையாது. வீட்டு வாசலில் லொக்கேஷன் வைத்துவிட்டு "உள்ளே வாங்கண்ணே" என்று போனில் சத்தம் போடாமல், தடுப்புக்கு வெளியே ஓர் இடம் சொல்லி நாம் நடந்துபோய் வாங்கிக்கொள்ளலாம். டிப்ஸ் அப்போதும் உண்டு.