பொலிஸார் நடத்த முன்வரும் சிறுவர் திட்டத்தை ஊர்ச் சங்கம் ஏற்று நடத்துவது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியின் வறிய கிராமங்களில், "பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கித் தருகிறோம்" என்றோ "போதைப்பொருள் விழிப்புணர்வு நடத்தித் தருகிறோம்" என்றோ பொலிஸ் நிலையத்திலிருந்து கேட்டு வந்தால், கிராம அபிவிருத்திச் சங்கமோ விளையாட்டுக் கழகமோ என்ன பதில் சொல்வது, சம்மதித்தால் எதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே இக்குறிப்பின் பொருள். கேட்டவுடன் தலையாட்டுவதும் இலகு, காக்கிச் சட்டையைக் கண்டவுடன் படலையைச் சாத்துவதும் இலகு. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் இங்கே திரும்பிக் குடியேறிய குடும்பங்கள் சீருடையைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்னேரங்களில் போவதற்கு ஓரிடமும் இல்லாத பிள்ளையைத் தேடிக் கசிப்பு எனும் கள்ளச்சாராயம் விற்பவரும் ஐஸ் எனும் போதைப்பொருள் விற்பவரும் தயங்காமல் வருகிறார்கள். ஆகவே திட்டம் நடக்கட்டும்; நடத்துவது ஊராகவும், பொலிஸார் அதற்கு அழைக்கப்பட்டவர்களாகவும் இருக்கவேண்டும்.

முதல் வேலை கடிதம். வாய்ப்பேச்சில் தொடங்கிய திட்டம், தொடக்கிவைத்த உப பொலிஸ் பரிசோதகருக்கு இடமாற்றம் வந்ததும் நின்றுவிடும். எனவே அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடிதத்தை அவர் பெயருக்கு எழுதாமல் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதி, பிரதேச செயலாளர், கிராம அலுவலர், பாடசாலை அதிபர் ஆகியோருக்குப் பிரதி அனுப்பவேண்டும். கிழமையில் எந்த நாள், எந்த நேரம், எந்த மைதானம், எந்த வயதுப் பிள்ளைகள், சங்கத்தின் சார்பில் பொறுப்பாக நிற்பவர் யார், எத்தனை மாதத்துக்கு என்பவை அதில் இருக்கவேண்டும். ஓராண்டுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளவேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு நாள் விழா வைத்து, இரண்டு பந்துகளைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நிவாரணக் காலத்திலிருந்தே இவ்வூர்கள் நிறையக் கண்டிருக்கின்றன.

மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் பதிவேடு. வரவுக் கொப்பி சங்கச் செயலாளரின் கையிலேயே இருக்கவேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டாரின் தொலைபேசி இலக்கம், ஆஸ்துமா போன்ற வருத்தம் ஏதும் உண்டா என்பது, இந்த நான்கு நிரல்களே போதும். அச்சடித்த படிவம் ஒன்று வந்து, அதில் தந்தையின் அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி உண்டா, காணாமல் ஆக்கப்பட்டவர் உண்டா, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகள் இருந்தால், பந்தடிக்க வரும் பிள்ளைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று மரியாதையாகச் சொல்லி, நிரப்பாமலே திருப்பிக் கொடுக்கவேண்டும். பிள்ளையிடம் கதையோடு கதையாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கும் இது பொருந்தும். "உங்கள் ஒழுங்கையில் கசிப்புக் காய்ச்சுவது யார்?" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டு ஒரு வழக்குப் பிடிபட்டால், திட்டம் அன்றோடு முடிந்தது, அந்தப் பிள்ளையும் ஊரில் காட்டிக்கொடுத்தவனாகிவிடுவான். தகவல் தேவையென்றால் பெரியவர்களைக் கொண்ட சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அந்த வேலை மைதானத்துக்குள் வரக்கூடாது என்பதைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எதை நடத்துவது என்று வரும்போது, மண்டபமும் ஒலிவாங்கியும் இருந்தால் போதும் என்பதால் உரை நிகழ்த்தும் யோசனையே முதலில் முன்வைக்கப்படும். 1983இல் லொஸ் ஏஞ்சலீசில் தொடங்கிய டெயார் (D.A.R.E.) திட்டத்தில் பொலிஸார் வகுப்பறைக்குச் சென்று போதைப்பொருள் பற்றிப் பாடம் நடத்தினார்கள். அது அமெரிக்கா முழுவதும் பரவிய பின்னர் செய்யப்பட்ட பல ஆய்வுகள், மாணவரின் பாவனையில் நிலைத்த குறைவு எதையும் காணவில்லை. பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துச் சென்று கைதிகளைக் கொண்டு அச்சுறுத்தும் முறை அதிலும் மோசம்: போய்வந்தவர்களே போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றங்களில் ஈடுபட்டதாக ஆய்வுகள் காட்டின. சிறையைக் காட்ட அழைத்துப் போகிறோம் என்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். 1914இல் நியூயோர்க் பொலிஸ் ஆணையாளர் ஆர்தர் வூட்ஸ் செய்தது இதைவிட எளிமையானது. விளையாட இடமற்ற நெருக்கமான குடியிருப்புகளில், பிள்ளைகள் விளையாடுவதற்காகத் தெருக்களை வாகனங்களுக்கு மூடிவைத்தார். நமக்கும் அந்த வழியே நல்லது: ஒவ்வொரு கிழமையும் அதே நேரத்தில் அதே ஆள் வந்து நிற்கும் உதைபந்து, கரப்பந்து, வலைப்பந்து, மட்டையால் பந்தடிக்கும் எல்லே. பந்து வாங்கவும் வழியில்லையென்றால் மண்ணில் கோடு கீறிக் கிளித்தட்டு மறிக்கலாம். உத்தியோகத்தரே மறித்துப் பிடிக்கும் கிளியாக நின்று பிள்ளைகளிடம் ஏமாந்து போவது, அரை மணி நேர உரை செய்யாத வேலையைச் செய்யும்.

வருகிறவர் தமிழ் பேசுபவராக இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு விளையாட்டுப் பழக்க முடியாது. விளையாட்டு உடையில், ஆயுதமின்றி வரவேண்டும். பெண்பிள்ளைகள் இருக்கும் நாளில் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும், மாதர் சங்கத்திலிருந்து இரண்டு தாய்மாரும் கடைசிவரை நிற்கவேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக ஜீப்பிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றக்கூடாது. பிள்ளைகளின் தொலைபேசிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பக்கூடாது, அறிவித்தல் யாவும் பெற்றோரின் குழுவுக்கே போகவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சனசமூக நிலையச் சுவரில் பெரிதாக எழுதிவைத்து, பொலிஸ்காரர் மீதும் இதில் முறையிடலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் உத்தியோகத்தரைத் திட்டத்துக்கு எடுக்காமலிருப்பதே நல்லது.

பற்றை வெட்டிப் புதிதாக மைதானம் எடுப்பதானால், அது மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலமா என்று பிரதேச செயலகத்தில் உறுதிசெய்த பிறகே மண்வெட்டியை வையுங்கள். பழைய மைதானமாயினும் பந்து பற்றைக்குள் போனால் பெரியவர் ஒருவரே எடுத்து வரவேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானைப் பயம் உண்டு. ஐந்தரைக்கெல்லாம் பிள்ளைகள் வீடு திரும்பத் தொடங்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வாசிகசாலையும் ஒரு கரம் பலகையும் போதும்.

பசியோடு வரும் பிள்ளை ஓடாது. அவித்த கௌப்பிக்கான செலவைச் சங்கமே ஏற்கட்டும். பொலிஸார் கடைகளில் பணம் சேர்க்க இடம்கொடுக்கவேண்டாம். களவாக மணல் ஏற்றிய டிப்பர் லொறியின் வழக்கு நிலையத்தில் கிடக்கும்போது அதன் முதலாளி மேற்சட்டை வாங்கித் தருகிறேன் என்று வந்தால், அந்த மேற்சட்டை யாருக்காக என்று ஊருக்குப் புரியும்.

ஒரு பிள்ளை இரண்டு கிழமை வராவிட்டால் தேடிப் போகவேண்டியது சங்கத்தார். பொலிஸ் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால், பக்கத்து வீட்டார் அதை வழக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அறுவடைக் கூலி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளல், போட்டு வரச் செருப்பில்லாமை போன்ற காரணமே இருக்கும். பாடசாலையும் நின்றிருந்து வயது 16க்குக் குறைவென்றால், கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு உட்பட்ட பிள்ளை என்பதால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அக்கிழமையே எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றில் கையொப்பம் வாங்கி வரவுக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.